விறகு அறுக்க மெஷின்: வாங்கலாமா, வாடகைக்கு ஆள் கூப்பிடலாமா?

"இந்தக் காலத்தில் விறகா?" என்று கேட்கப் போகிற சகோதரிகளுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டிலும் காஸ் அடுப்பு இருக்கிறது. காலைக் காபி, சோறு, குழம்பு எல்லாம் அதில்தான். ஆனால் பாகூர், வில்லியனூர் பக்கத்துக் கிராமங்களுக்கு வந்து பாருங்கள். தோட்டத்து ஓரத்தில் மூன்று கல் வைத்த அடுப்பு இல்லாத வீடு குறைவு. குளிக்க வெந்நீர், மாட்டுக்குக் காய்ச்ச, பொங்கலுக்குப் பானை வைக்க, நல்லது கெட்டதுக்கு நாலு பேருக்கு வடிக்க, எல்லாவற்றுக்கும் விறகுதான். அதிலும் வீட்டில் பிரசவம் என்றால் கேட்கவே வேண்டாம். தாய்க்கும் பிள்ளைக்கும் மூன்று மாதம் வெந்நீர் ஊற்ற வேண்டும். அத்தனையும் காஸில் காய்ச்சினால் கட்டுப்படி ஆகுமா?

எங்கள் வீட்டில் இந்த மெஷின் வந்து சேர்ந்த கதையும் ஒரு பிரசவத்தை ஒட்டித்தான் நடந்தது.

புயல் சாய்த்த வேம்பு

2024 நவம்பர் 30-ம் தேதி ராத்திரி ஃபெங்கல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தூங்கவா முடியும்? நடு ராத்திரியில் தோட்டத்தில் தடால் என்று ஒரு சத்தம். விடிந்து பார்த்தால், என் மாமனார் காலத்து வேப்பமரம் பாதி வேர் மேலே தெரிய மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடக்கிறது. மாடு தப்பியது எங்கள் புண்ணியம். அதோடு விட்டதா? இரண்டு நாள் கழித்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி வந்து, பாகூர் பக்கத்து வயல்களை எல்லாம் முழுக அடித்துவிட்டது. எங்கள் தோட்டத்தில் முழங்கால் வரை சேற்றுத் தண்ணீர்.

அப்போது என் மூத்த மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். எட்டாம் மாதம். தை மாதம் நாள் சொல்லியிருந்தார்கள். அடுக்கி வைத்திருந்த விறகில் பாதி வெள்ளத்தில் நனைந்துபோயிற்று. காஸ் சிலிண்டர் வண்டியும் நாலைந்து நாள் வரவில்லை. "கண் எதிரே ஒரு வண்டி விறகு கிடக்குது, நாம ஏன் கவலைப்படணும்?" என்றார் என் வீட்டுக்காரர்.

ரேஷன் கார்டுக்கு அரசாங்கம் கொடுத்த 5,000 ரூபாய் புயல் நிவாரணம் வந்ததும், அதோடு என் அரிசிப் பானைச் சேமிப்பில் 1,500-ஐயும் வாங்கிக்கொண்டு கிளம்பினார். நான் அந்தப் பணத்தில் மகளுக்கு ஒரு நல்ல கட்டில் வாங்கலாம் என்று மனசில் கணக்குப் போட்டிருந்தேன். சாயங்காலம் ஒரு பெரிய அட்டைப் பெட்டியோடு வந்து இறங்கினார். பெட்ரோலில் ஓடுகிற மரம் அறுக்கும் மெஷின்!

"58 சி.சி., 22 இஞ்ச் பிளேடு. வேலைக்காரங்க வெச்சிருக்கிறது மாதிரியே இருக்குது பாரு. அவங்க அரை நாள் கூலிக்கு 1,500 கேக்கிறாங்க. இது நாலு தடவைக்கு முதல் வந்துடும்" என்றார். கணக்கு என்னவோ சரியாகத்தான் இருந்தது.

முதல் நாள் நடந்தது

மறுநாள் காலையில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையில் துண்டு சுற்றி, வெறுங்காலோடு ஆரம்பித்தார். பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். பழைய டிவிஎஸ் 50 ஓட்டியவர் ஆயிற்றே. ஆனால் சங்கிலிக்கென்று தனியாக ஒரு ஆயில் டேங்க் இருக்கிறது, அதையும் ரொப்ப வேண்டும் என்பது தெரியாது. பத்து நிமிஷத்தில் பிளேடிலிருந்து புகை வந்தது. சங்கிலி சிவக்கச் சூடாகித் தொளதொளவென்று தொங்கியது. பெட்டியில் இருந்த காகிதத்தைப் பார்த்து ஆயில் ஊற்றி, சங்கிலியை இறுக்கி மறுபடி ஆரம்பித்தார்.

நான் கொல்லை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். கிளை ஒன்றை அறுக்கும்போது பிளேடின் மூக்கு பின்னால் இருந்த இன்னொரு கிளையில் இடித்தது. அவ்வளவுதான். மெஷின் கண் இமைக்கிற நேரத்தில் துள்ளி மேலே எழும்பி அவர் பக்கம் திரும்பியது. நான் போட்ட சத்தத்தில் மகள் உள்ளேயிருந்து ஓடி வந்துவிட்டாள். அவர் மெஷினைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நல்ல வேளை, காயம் இல்லை. கைலி மட்டும் தொடைக்கு மேல் நாலு விரற்கடை கிழிந்திருந்தது. அந்தக் கிழிசலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போதும் வயிறு கலங்குகிறது.

"இனிமே யாரும் அதைத் தொடக்கூடாது" என்று மெஷினைத் தூக்கிக் குதிர் பக்கத்தில் வைத்துவிட்டு, வில்லியனூரில் இருக்கும் என் தம்பிக்குப் போன் போட்டேன். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்ததே, அதற்குப் பிறகு மரம் அறுக்கிற வேலைக்குப் போனவன் அவன். சவுக்குத் தோப்பு குத்தகைக்கு எடுப்பவரிடம் இப்போதும் மெஷின் வேலைதான்.

வீட்டு மெஷினுக்கும் தொழில் மெஷினுக்கும் என்ன வித்தியாசம்?

தம்பி வந்ததும் முதலில் இரண்டு மெஷினையும் திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். பார்வைக்கு அண்ணன் தம்பி போலத்தான் இருந்தன. "மாமா, சி.சி.யைப் பாத்து ஏமாறாதீங்க. உள்ள என்ன இருக்குதுன்னு பாக்கணும்" என்று சொல்லி விளக்கினான். நமக்குப் புரிகிற மாதிரி அதை எழுதுகிறேன்.

வீட்டு உபயோகத்துக்கு என்று பெயர் பெற்ற கம்பெனிகள் செய்கிற சிறிய மெஷின் 30 முதல் 40 சி.சி. வரை இருக்கும். பிளேடு 12 முதல் 16 இஞ்ச். எடை ஏறக்குறைய 4 கிலோ. உடம்பு பெரும்பாலும் பிளாஸ்டிக். கிளை கழிக்க, கை அகலக் கட்டையைத் துண்டு போட இது போதும். ஒரு மணி நேரம் வேலை செய்தால் ஆற விட வேண்டும்.

தொழில் மெஷினில் பெரியது 70 சி.சி.க்கு மேல்கூட இருக்கும். பிளேடு 20, 25 இஞ்ச். எஞ்சின் கூடு மெக்னீசியம் என்கிற லேசான உலோகக் கலவையில் வார்த்தது. அதனால் சூடு சீக்கிரம் ஆறும், நாள் முழுக்க ஓடினாலும் தாங்கும். சங்கிலிக்குப் போகிற ஆயிலைக் கூட்டிக் குறைக்கலாம். கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஸ்பிரிங் வைத்து அதிர்வைக் குறைத்திருப்பார்கள். அப்படியும் மார்கழிக் குளிரில் தம்பியின் விரல்கள் வெளுத்து மரத்துப் போகின்றன. வருஷக்கணக்காக அதிர்வு பட்டால் வருகிற கோளாறு இது. ஸ்பிரிங் இல்லாத மெஷினை நாள் முழுக்கப் பிடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு. எங்கள் வீட்டுக்காரர் வாங்கியது அதுதான். அளவிலும் சி.சி.யிலும் தொழில் மெஷின் மாதிரி, உள்கட்டில் வீட்டு மெஷின் மாதிரி. ஆறேழாயிரத்துக்குக் கிடைக்கும். பெயர் பெற்ற கம்பெனியின் சிறிய மெஷினே இருபதாயிரத்தை ஒட்டி வருகிறது, பெரிய தொழில் மெஷின் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. "மலிவுன்னு வாங்கினது தப்பில்லை. அடிமரத்தை நாள் முழுக்க அறுக்கிற வேலையை அதுங்கிட்ட கேட்டதுதான் தப்பு" என்றான் தம்பி.

என் மகள் செல்போனில் தேடிப் படித்து ஒரு விஷயம் சொன்னாள். அமெரிக்காவில் இந்த மாதிரிக் கை மெஷின்களை 50 மணி, 125 மணி, 300 மணி என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்களாம். அத்தனை மணி நேரம் ஓடிய பிறகும் புகை சட்ட அளவுக்குள் இருக்கும் என்று செய்தவர்கள் உறுதி கொடுக்க வேண்டும். அதற்கு மேல் ஓடாது என்று அர்த்தமில்லை. ஆனால் வருஷத்துக்குப் பத்து மணி நேரம் அறுக்கிற வீட்டுக்கும், வாரத்துக்கு நாற்பது மணி நேரம் அறுக்கிற தொழிலாளிக்கும் ஒரே மெஷின் பொருந்தாது என்பது இதிலேயே தெரிகிறது இல்லையா? நம் வீட்டு மிக்ஸியைக் கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோய் நூறு பேருக்குச் சட்னி அரைக்கச் சொல்வோமா?

அவள் படித்த இன்னொன்றைக் கேட்டு நாங்கள் வாயைப் பிளந்தோம். பல் வைத்த சங்கிலியால் அறுக்கிற யோசனை மரத்துக்காக வந்ததே இல்லையாம். 18-ம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்தில் ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்ற இரண்டு மருத்துவர்கள் கையால் இழுக்கிற சிறிய சங்கிலி ரம்பத்தைச் செய்தார்கள். பிள்ளை வெளியே வராமல் சிக்கிக்கொண்டால் தாயின் இடுப்பு எலும்புகள் சேரும் இடத்தை அறுத்து வழி விடவும், கெட்டுப்போன எலும்பை எடுக்கவும் அது உதவியது. மயக்க மருந்தே இல்லாத காலம்! மரம் அறுக்கிற மெஷின் அதற்கு வெகு காலம் கழித்து வந்தது. ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் என்பவர் 1926-ல் செய்த மின்சார ரம்பம் 48 கிலோ. இரண்டு பேர் சேர்ந்து பிடிக்க வேண்டும். 1950-ல்தான் அவர்களிடமிருந்து ஒரே ஆள் தூக்குகிற பெட்ரோல் ரம்பம் வந்தது, அதுவும் 16 கிலோ. நிறைமாதமாக இருந்த என் மகள் இதைப் படித்துவிட்டு, "அம்மா, நான் இந்தக் காலத்தில் பிறந்தது நல்லதாப் போச்சு" என்றாள்.

தம்பி அறுத்த விதம்

தம்பி உடனே மெஷினை எடுக்கவில்லை. முதலில் அடிமரத்தில் ஒட்டியிருந்த வெள்ளச் சேற்றைக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொன்னான். மண்ணும் மணலும் பட்டால் சங்கிலிப் பல் ஒரு நிமிஷத்தில் மழுங்கிவிடுமாம். பிறகு மரத்தை முழுக்கத் தடவிப் பார்த்தான். துணிக்கொடி கட்ட நான் அடித்த ஆணிகள் இரண்டு கிடைத்தன. "அக்கா, இதுல ஒண்ணு பல்லுல பட்டிருந்தா சங்கிலி போச்சு" என்றான்.

அதன்பின் மரம் எங்கே இறுகி நிற்கிறது, எந்தப் பக்கம் துள்ளும் என்று சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். புயலில் சாய்ந்த மரம் நின்ற மரத்தைவிட ஆபத்தானது. வளைந்த கிளை வில் மாதிரி இறுகியிருக்கும், அறுத்ததும் முகத்தில் அடிக்கும். அடிமரத்தை அறுத்தவுடன் வேர்மூட்டம் திரும்ப எழுந்து நின்றாலும் நிற்கும். அந்தப் பக்கம் குழந்தைகளை விடவே கூடாது.

கிளைகளை எங்கள் மெஷினாலேயே கழித்தான். சங்கிலியை உருட்டு அரத்தால் தீட்டி, ஆயில் ரொப்பிக் கொடுத்ததும் அது நன்றாகவே வேலை செய்தது. இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தால் விரல் தொடாத அடிமரத்துக்கு மட்டும் அவனுடைய மெஷின். இரண்டு மணி நேரத்தில் ஒன்றரை அடித் துண்டுகளாக உருண்டு கிடந்தது. பிளக்கிற வேலைக்கு மெஷின் வேண்டாம். கோடாலியும் இரும்பு ஆப்பும் போதும். அதை என் வீட்டுக்காரர் பதினைந்து நாளில் மெதுவாகச் செய்து முடித்தார்.

வெட்டிய விறகு உடனே எரிக்க அல்ல

இதுதான் இளம் தாய்மார்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி வரை தண்ணீர். அதை அடுப்பில் வைத்தால் அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே நெருப்பில் ஒரு பங்கு செலவாகி, புகையும் அதிகமாக வரும். வீட்டுப் புகையால் 2020-ல் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கு மேல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். பச்சைப் பிள்ளைக்குச் சளி, நிமோனியா வருவதற்கு இந்தப் புகை ஒரு பெரிய காரணம்.

அதனால் தை மாதம் பேத்தி பிறந்தபோது அந்த வேப்ப விறகைத் தொடவில்லை. பரணில் இருந்த பழைய சவுக்கு, கொட்டாங்கச்சி, காய்ந்த தென்னை மட்டை இவற்றை வைத்தே வெந்நீர் காய்ச்சினோம். அடுப்பையும் பிள்ளை படுக்கும் அறைக்கு எதிர்ப்பக்கமாக, தோட்டத்தின் கோடிக்கு மாற்றிவிட்டேன். "பிள்ளைக்குச் சாம்பிராணி போடாம எப்படி?" என்று என் மாமியார் கேட்டார். "அத்தை, கொஞ்ச நாள் போகட்டும்" என்று சமாதானம் சொன்னேன்.

வேப்பங்கட்டை சித்திரை வெயிலில் காய்ந்து வைகாசியில்தான் அடுப்புக்கு வந்தது. காய்ந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. இரண்டு துண்டைத் தட்டினால் டங் டங் என்று கேட்க வேண்டும். பச்சையாக இருந்தால் மந்தமாகக் கேட்கும். முனையில் நட்சத்திரம் மாதிரி வெடிப்பும் தெரியும். செங்கல் மேல் கட்டை போட்டு, தரையில் படாமல், மேலே மறைப்போடு, பக்கவாட்டில் காற்று போகிற மாதிரி அடுக்குங்கள். சவுக்கும் புளியும் நின்று எரியும். முருங்கையும் இலவமும் வைக்கோல் மாதிரிப் போய்விடும். அரளிக் கட்டை விஷம், அதை எரிக்கவே கூடாது. பெயின்ட் அடித்த பழைய கதவு ஜன்னலும் வேண்டாம்.

வாங்குவதற்கு முன்னும் பின்னும்

1. வருஷத்துக்கு ஒரு மரம் அறுக்க மெஷின் வேண்டாம். தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். அரிவாளும் கோடாலியும் வீட்டுக்குப் போதும். தோப்பு, வேலி, தோட்டம் என்று மாதா மாதம் கழிக்கிற வேலை இருந்தால் 14 அல்லது 16 இஞ்ச் சிறிய மெஷின் வாங்கலாம்.

2. வீட்டுக்குப் பக்கத்திலேயே அறுப்பதாக இருந்தால் கரண்டில் ஓடுகிற மெஷினும் உண்டு. பெட்ரோல் புகை இல்லை. ஆனால் மழை, ஈரம் இருக்கும்போது எடுக்கவே கூடாது.

3. சங்கிலியும் உதிரிப் பாகமும் பக்கத்து ஊரில் கிடைக்குமா, ரிப்பேர் பார்ப்பார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

4. பெட்ரோலில் எவ்வளவு 2டி ஆயில் என்பதை மெஷினோடு வரும் காகிதத்தில் பாருங்கள். சிலவற்றுக்கு லிட்டருக்கு 20 மில்லி, சிலவற்றுக்கு 40 மில்லி. குறைந்தால் எஞ்சின் இறுகிவிடும். சங்கிலி ஆயிலை ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் ரொப்ப வேண்டும்.

5. இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. மாதக்கணக்கில் டேங்கில் விட்டால் கார்புரேட்டர் கெடும். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, நின்று போகும்வரை ஓட்டிவிட்டு எடுத்து வையுங்கள்.

6. அருவாமனை மழுங்கினால் நமக்குத் தெரிகிறதல்லவா? சங்கிலிக்கும் அடையாளம் உண்டு. சீவல் சீவலாக விழுந்தால் கூர் இருக்கிறது. மாவு மாதிரி விழுந்தால் தீட்ட வேண்டும். மழுங்கிய சங்கிலியை அழுத்திப் பிடிப்பதுதான் விபத்துக்கு வழி.

7. கைலி, வேட்டி, தொங்கும் துண்டு கூடாது. முழுக் கால்சட்டை, ஷூ, கண்ணாடி, காது மூடி, தலைக்கவசம் அவசியம். தொடைக்குப் போடத் தனி உறை கிடைக்கிறது. அதற்குள் இருக்கும் நார் சங்கிலியில் சுற்றிக்கொண்டு அதை நிறுத்திவிடும்.

8. பிளேடின் மூக்கு எதிலும் இடிக்கக் கூடாது. ஒற்றைக் கையால் பிடிக்கக் கூடாது. தோளுக்கு மேலே, ஏணி மேலே நின்று அறுக்கக் கூடாது. முன்னால் இருக்கும் பிரேக் வேலை செய்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். தனியாக அறுக்கவே கூடாது.

9. கரண்டுக் கம்பி மேல் சாய்ந்த மரத்தைத் தொடாதீர்கள், மின்துறைக்குச் சொல்லுங்கள். சாலையோர மரம் நம்முடையது அல்ல, கொம்யூன் பஞ்சாயத்துக்குச் சொல்ல வேண்டும்.

10. வெட்டுப்பட்டால் காபித்தூள், மஞ்சள் தூள் வைக்காதீர்கள். சுத்தமான துணியை மடித்து வைத்து விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

எங்கள் மெஷின் இப்போதும் குதிர் பக்கத்தில் இருக்கிறது. தம்பி இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து என் வீட்டுக்காரருக்குச் சொல்லிக் கொடுத்தான். வேலியில் முளைக்கிற வேலிக்காத்தானும் வாதநாராயணன் கிளையும்தான் அவருடைய எல்லை. அடிமரம் என்றால் தம்பிக்குப் போன். அந்தக் கிழிந்த கைலியை நான் தைக்கவில்லை. மெஷினைச் சுற்றி வைத்திருப்பதே அந்தக் கைலியால்தான். அதை அவிழ்க்காமல் மெஷினை எடுக்க முடியாதல்லவா? ஒவ்வொரு தடவையும் கிழிசல் அவர் கண்ணில் படும். பேசாமல் போய்க் கால்சட்டையும் ஷூவும் மாட்டிக்கொண்டு வருகிறார்.